கார் கிளப் வென்ற கோப்பை

அந்தோணியார்மேல் ஆணையாக, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சாட்சிக்குக் கோப்பை இருக்கிறது.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், பகாவ் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி; வெளியே போகப் போலீஸ் பாஸ் வேண்டும். கார்ப் பந்தயத்துக்குப் பேர்போன ஜொகூருக்குக் கூட்டிப்போகாவிட்டால் தலைவர் பதவியைப் பிடுங்கிவிடுவதாகக் கார் கிளப் ஆட்கள் மிரட்டியதால், சந்தியாகு போலீஸ் சார்ஜனிடம் போய் நின்றார்.

"எத்தனை காருய்யா?"

"ஒண்ணுதாங்கையா."

"ஆளு எத்தனை?"

"பதினாலு."

"எப்படி லா உட்காருவீங்க?"

"நான் மட்டுந்தாங்க உட்காருவேன். மத்தவங்க தள்ளணுமே!"

சிரித்த சிரிப்பில் சார்ஜன் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஜொகூர்வரை தள்ளியே போனார்கள். அங்கே மேட்டிலிருந்து பிரேக் பிடிக்காமல் உருண்ட கார், பந்தயக் கார்களையெல்லாம் முந்திவிட்டது. கோப்பையோடு திரும்பிய சந்தியாகுதான் ஆயுசுக்கும் தலைவர்.

கோப்பை இன்னும் அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. 'பகாவ் கண்காட்சி, கொழுத்த ஆட்டுக்கு முதல் பரிசு' என்று அதில் பொறித்திருக்கிறது.