அது சொல்லட்டும்

“கழுத்து ஒடிஞ்சிரும் மச்சான், விடுங்க!”

ஹரிகிருஷ்ணன் போட்ட அலறலில், தெருவில் போன கருவாட்டுக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். கொலை எதுவும் நடக்கவில்லை. ஒரு பழைய கறுப்புக் கார் வாயைப் பிளந்து நிற்க, அதன் எஞ்சினுக்குள் ராமசுப்பு குனிந்திருந்தார். ஒடியவிருந்த கழுத்து, போல்ட்டினுடையது. அவள் ஏமாற்றத்தோடு கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

கார், ஹரிகிருஷ்ணனின் அப்பா வாங்கியது. ‘லண்டன் கார்’ என்றுதான் சொல்லவேண்டும். வெறுமனே ‘கார்’ என்றால் ஹரிகிருஷ்ணனுக்குக் கோபம் வரும். நாளைக்கு மகள் இந்துஜா கல்யாணம் முடிந்து அதில்தான் கடம்பூர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள் என்று கோவில்பட்டி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பத்திரிகையிலேயே போடப் பார்த்தார். அச்சகத்துக்காரர் இடமில்லை என்று தப்பித்தார்.

ராமசுப்பு, ஹரிகிருஷ்ணனின் மனைவி ராதாமணிக்கு அண்ணன். எஞ்சின் ஹெட்டைக் கழற்றி, கரிசல் புழுதி விழாமல் சுற்றிலும் துண்டு விரித்து, புது கேஸ்கெட் வைத்து மூடி, போல்ட்டுகளை ஸ்பேனரால் முறுக்கத் தொடங்கிய நேரத்தில்தான் அந்த அலறல்.

“எங்க டிராக்டருக்கும் இந்தக் கைதான முறுக்குது மாப்ளே? அது ஓடாமலா போச்சு?”

“அது டிராக்டர். இது லண்டன் கார். கையால முறுக்குனா ஒண்ணு கூடும், ஒண்ணு கொறையும். நடுவுல ஆரம்பிச்சு, மாத்தி மாத்தி, அளந்து முறுக்கணும். அதுக்குன்னே ஒரு சாமான் வச்சிருக்கேன்லா!”

அந்தச் சாமான், சிங்கப்பூரிலிருந்து வந்த டார்க் ரெஞ்ச். முழங்கை நீள இரும்பு. கைப்பிடியில் அளவைத் திருப்பி வைத்தால் போதும். போல்ட் அந்த அளவுக்கு இறுகியதும் ‘டிக்’ என்று சொல்லிவிடும், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வந்த அன்றைக்கு நாலு பேருக்கு ‘டிக்’ கேட்கக் காட்டியதோடு சரி. அன்றிலிருந்து பீரோவில் பூட்டு. சாவி ராதாமணியின் இடுப்பில்.

ஹரிகிருஷ்ணன் சாவி வாங்கி, ரெஞ்ச் பெட்டியை ஏந்தி வந்து திறந்தார். நீலப் பட்டுத்துணிமேல் சிற்றெறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ‘ப்பூ’ என்று ஊதினார்.

“பாத்தீயளா? ஒசந்த சாமான்னா எறும்புக்குக்கூடத் தெரியுது. ஒங்களுக்குத்தான் தெரிய மாட்டேங்கு.”

ராமசுப்பு ஒதுங்கிக்கொண்டார். ஹரிகிருஷ்ணன் கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டு, நடு போல்ட்டில் மாட்டி முறுக்கினார். மறுபடி முறுக்கினார். இடுப்பு வேட்டி தளர்ந்ததே தவிர, ரெஞ்ச் வாய் திறக்கவில்லை.

“மாப்ளே, போதும். பாத்தாலே தெரியுது.”

“நீங்க சொல்லாதீய. அது சொல்லட்டும்.”

ஒரு காலைப் பம்பரில் ஊன்றி, பல்லைக் கடித்து, சாப்பிட்ட சாப்பாடு மொத்தத்தையும் கைப்பிடியில் இறக்கினார்.

டொடக்!

“கேட்டீயளா மச்சான், டிக்கு!” என்று வெற்றியோடு நிமிர்ந்தார். ரெஞ்ச் முனையோடு போல்ட்டின் தலையும் நிமிர்ந்து வந்தது. கழுத்துக்குக் கீழ் உள்ள பாகம் எஞ்சினுக்குள் பத்திரமாக இருந்தது.

அந்த மிச்சத்தை எடுக்க லேத் பட்டறைக்குத்தான் போகவேண்டும்; முகூர்த்தத்துக்குள் நடக்கிற காரியமில்லை. ஹரிகிருஷ்ணனுக்கு முகம் கார் நிறத்துக்கு வந்தது.

“எல்லாம் ஒங்களாலதான்! முன்னாடியே கைக்கு வந்தபடி முறுக்கி, போல்ட்டை நோகடிச்சிட்டீய. இப்பம் எம் மவ எதுல போவா?”

“நான் ரெண்டு சுத்துதான மாப்ளே…”

“அப்பம் சிங்கப்பூர் சாமான் பொய் சொல்லுதா? அளவு தெரியாத கை இனிமே என் கார்ப் பக்கம் வரப்படாது!”

ராமசுப்பு ஸ்பேனரைக் கீழே வைத்தார். தங்கச்சி வீட்டுக் கல்யாணம். கையைத் துடைத்துக்கொண்டு, டாடா சுமோ வைத்திருக்கும் சோலையைப் பார்க்கச் செருப்பை மாட்டினார்.

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து வந்தாள் ராதாமணி. அண்ணன் முகத்தையும் புருஷன் முகத்தையும் பார்த்துவிட்டு, ஹரிகிருஷ்ணனிடம் கையை நீட்டினாள்.

“வேலை முடிஞ்சிட்டுன்னா அந்தக் கம்பியக் குடுங்க. மத்த எதுல அடிச்சாலும் கருப்பட்டி ஒடைய மாட்டேங்கு!”