ஏழு நாளில் ஒரு மணி நேரம்

“இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு என்ன ஆன்ட்டி செய்வீங்க?”

மூன்று மாதத்துக்கு முன், கணக்கெடுக்க முதல் தடவை வந்தபோது அந்த வீட்டுச் சிறுமி இப்படிக் கேட்டாள்.

யாருக்கு வேலை இருக்கிறது, எவ்வளவு வருமானம் என்று மேலே இருப்பவர்களுக்குச் சொல்வோம் என்றாள் கணக்கெடுப்பவள். “சொன்னா அவங்க என்ன செய்வாங்க?” என்றது பிள்ளை. கணக்கெடுப்பவள் அதன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

இன்று இரண்டாம் தடவை. வாசலிலேயே சிறுமியின் அம்மா வழிமறித்தாள்.

“அவருக்கு வேலை போயிடுச்சும்மா. பாப்பாவுக்குத் தெரியாது. தினமும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடறாரு. அவ முன்னாடி மட்டும் கேட்டுடாதீங்க, புண்ணியமாப் போகும்.”

கேட்காமலும் இருக்க முடியாது. அலுவலகம் கொடுத்த டேப்லெட் கணினி, ஒரு கேள்விக்குப் பதில் போடாமல் அடுத்ததுக்கு நகராது.

லேத் பட்டறையில் வேலை பார்த்துவந்த சிறுமியின் அப்பா முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மகள்.

பெயர், வயது, படிப்பு எல்லாம் முடிந்தது. மனைவியின் வயதைக் கேட்டபோது, “அஞ்சு வருஷமா முப்பதுதாங்க” என்று சிரிக்க வைத்தார்.

அடுத்தது அந்தக் கேள்வி.

“பாப்பா, குடிக்கத் தண்ணி கொண்டு வர்றியா?”

கண் மூடித் திறப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.

“ஒரு பேனா கிடைக்குமா கண்ணு?”

“அதான் விரலால தட்டறீங்களே ஆன்ட்டி!”

இனி என்ன சொல்லி அனுப்புவது? கணக்கெடுப்பவள் விழித்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

சிறுமியே எழுந்து, கூஜாவை எடுத்துக்கொண்டாள். “கீழ் வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்கு. ஜில்லுன்னு வாங்கிட்டு வர்றேன்.”

கடவுள் கண் திறந்தார் என்று நினைத்துக்கொண்டு, கணக்கெடுப்பவள் அவசரமாகக் கேட்டாள்.

“கடந்த ஏழு நாள்ல, கூலிக்கு ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சீங்களா?”

“கடையில மூட்டை இறக்கினேன். நாப்பது நிமிஷம் இருக்கும்.” குரல் கம்மியது. “அதைப் போட்டுக்க முடியாதாம்மா?”

ஆண்டவனே, இன்னும் ரெண்டு மூட்டை இருந்திருக்கக் கூடாதா என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. பொய் எழுத அவளுக்குக் கை வராது. ‘வேலை இல்லை’ என்ற கட்டத்தைத் தொட்டாள்.

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஆறுதல் சொல்ல அவளிடம் ஒரு கட்டமும் இல்லை.

மீதிக் கேள்விகளை அவர் மனைவியிடம் கேட்டு முடித்து வெளியே வந்தாள்.

படிக்கட்டின் முதல் திருப்பத்திலேயே சிறுமி உட்கார்ந்திருந்தாள். மடியில் நிறைந்த கூஜா. அதன் குளிர் வேர்த்து வழிந்து, பாவாடை முழுக்க நனைந்திருந்தது.

“கேட்டு முடிச்சிட்டீங்களா ஆன்ட்டி? இப்ப உள்ள போகலாமா?”



உள்ளே குழாய் திறக்கும் சத்தம். அவர் முகம் கழுவுகிறார்.

“இரு கண்ணு, ரொம்பத் தாகமா இருக்கு” என்று அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். கூஜாவை வாங்கி, காத்திருந்ததில் குளிர்ச்சியெல்லாம் போய்விட்ட அந்தத் தண்ணீரை, குழாயின் சத்தம் நிற்கும்வரை மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டிருந்தாள்.