மூன்று வேளையும் வேண்டும்

இதைச் சொல்லும்போது அந்த மனிதரைக் கெட்டவராகக் காட்டிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மூன்று நாளும் நான் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

நான் ரிசார்ட்டில் சாப்பாடு பரிமாறுகிறவள். சன்னலோரத்து மேசைகள் என் பொறுப்பு. அவரும் ஆறு வயது மகளும் பதினொன்றாம் மேசை. அறையோடு மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டி வந்திருந்தார்கள்.

கூடத்தைத் திறக்கும்போதே வாசலில் நிற்பார்கள். எல்லோரும் எழுந்து போன பிறகும் உட்கார்ந்திருப்பார்கள்.

"அக்கா, உங்க ரெண்டு பந்தி வந்தாச்சு!" என்பார் ஜூஸ் போடுகிறவர். முதல் பந்தியிலும் அவர்கள், கடைசிப் பந்தியிலும் அவர்கள். அதனால் அந்தப் பெயர்.

அந்தப் பிள்ளைக்கோ குருவி வயிறு. இரண்டு கரண்டி சோறு, ஒரு துண்டு பப்பாளி. அதோடு "போதும்ப்பா" என்று தட்டைத் தள்ளிவிடும்.

"இருடா கண்ணு, இன்னும் ஒண்ணே ஒண்ணு."

எழுந்து போய் ஒரு உருளைக்கிழங்கு கொண்டு வருவார். அப்புறம் கொஞ்சம் நூடுல்ஸ். அப்புறம் நாலே நாலு திராட்சை. பிள்ளை அதை உருட்டி விளையாடிக்கொண்டே கதை சொல்லும். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்பார்.

"புது ஸ்கூல்ல உன் பக்கத்துல யாருடா உட்காருவாங்க?"

பெற்ற அப்பனுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் என் வாய் சும்மா இருக்கவில்லை. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பிள்ளை கொறிக்கிறதுக்கு மூணு வேளை எதுக்கு? காலைச் சாப்பாடு மட்டும் போட்டிருந்தா பாதிப் பணம் மிச்சமாகியிருக்குமே."

"இல்லைங்க, மூணு வேளையும் வேணும்" என்றார். சிரித்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கட்டின காசை உட்கார்ந்தே கழிக்கிறார், என் கால்தான் கடுக்கிறது.

மூன்றாம் நாள், கடைசி மதியச் சாப்பாடு. பதினோரு மணிக்கே அறையைக் காலி செய்துவிட்டார்கள். பெட்டி நாற்காலி ஓரத்தில் நின்றது. மணி மூன்றை நெருங்கியது. கூடத்தில் வேறு யாரும் இல்லை.

மேற்பார்வையாளர் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனாலும் நான்தான் அவரை 'சார்' என்பேன்.

"என்னக்கா, பதினொண்ணு இன்னும் எழுந்திருக்கலையா? அஞ்சு மணிக்கு இங்க கம்பெனி விருந்து. மேசையெல்லாம் மாத்திப் போடணும். போன மாசமே உங்க மேல ஒரு புகார். இன்னொண்ணு வந்தா என்னால காப்பாத்த முடியாது."

"இதோ எழுப்பிடறேன் சார்."

துடைக்கிற துணியோடு கிளம்பினேன். அப்போது வாசலில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். கையில் குட்டிச் செருப்பு ஒரு ஜோடி.

"மேடம், நேரம் முடிஞ்சிடுச்சு" என்றேன்.

"நான் சாப்பிட வரலை. அவளோட அம்மா." பதினொன்றாம் மேசையைக் காட்டினாள். "கூட்டிட்டுப் போக வந்தேன்."

"அப்பாகூடத்தானே வந்திருக்கு?"

"மூணு நாள் மட்டும் அவர்கூட. கடைசி மதியச் சாப்பாடு முடிஞ்சதும் என்கிட்ட விட்டுடணும்னு பேச்சு. இனிமே அவர் முறை ஆறு மாசம் கழிச்சுத்தான்."

நான் துணியை மடித்துக்கொண்டேன்.

"சாப்பிட்டாச்சுன்னா சொல்லுங்க" என்றாள். "ஒரு மணியிலிருந்து வெளியே பெஞ்சுலதான் இருக்கேன்."

"ஒரு மணியிலிருந்தா? உள்ளே வந்து கூப்பிட்டிருக்கலாமேம்மா?"

அவள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வீட்ல சீக்கிரம் சாப்பிடு, சீக்கிரம் சாப்பிடுன்னு கத்துறது நான்தான். இங்கேயும் வந்து கத்தணுமா?"

சொல்லிவிட்டு மறுபடியும் பெஞ்சுக்கே போய்விட்டாள்.

என் மகளையும் நான் அப்படித்தான் வளர்த்தேன். "முழுங்குடி, எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று. இப்போது வாரத்துக்கு ஒரு முறை போன் செய்கிறாள். இரண்டு நிமிடம் பேசுவாள். சாப்பிட்டியா என்று கேட்டால், "ஆச்சும்மா, வெச்சுடட்டுமா" என்பாள்.

மேசைக்குப் போனேன். தட்டில் ஒரே ஒரு திராட்சை மிச்சம். அவர் அதைக் கத்தியால் இரண்டாக நறுக்கி, பாதியை மகள் பக்கம் தள்ளினார். என்னைப் பார்த்ததும் அவர் கை பெட்டியின் பிடிக்குப் போனது.

"முடிச்சுட்டோங்க. கிளம்பிடறோம்."

"பாப்பாவுக்கு ஆப்பிள் கேக் சொல்லியிருந்தீங்களே சார், மறந்துட்டீங்களா?"

அவர் விழித்தார். "நான் சொல்லலையே..."

"சொன்னீங்க. உட்காருங்க."

பிள்ளை கை தட்டியது. அவர் கை பெட்டியை விட்டது. என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் நேராக வாங்க முடியவில்லை. திரும்பி நடந்தேன்.

அந்தக் கேக் அவர்கள் கட்டின சாப்பாட்டுப் பணத்திலேயே அடங்கும்தான், ஆனால் யாரும் கேட்க மாட்டார்கள். மாவு கலந்து, அடுப்பில் வேக நாற்பது நிமிடம் ஆகும்.

சமையல்காரர் முறைத்தார். "யாருக்கு இந்நேரத்துல? அந்தப் பொண்ணுக்கா? ஒரு வாய் தின்னாலே அதிசயம்!"

"அதுபாட்டுக்கு மெதுவா வேகட்டும் அண்ணே. அவசரமே இல்லை."

கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று எட்டு. மூன்று மணிக்கு மேல் ஆர்டர் எடுத்தால் வேலை போய்விடும். அதற்கு முன்னால் எடுத்தது என்றால், வாடிக்கையாளர் சாப்பிட்டு முடிக்கும்வரை மேற்பார்வையாளரே வந்தாலும் எழுப்ப முடியாது.

எனக்கும் வேலை வேண்டும் இல்லையா? ஆர்டர் சீட்டில் மணி இரண்டு ஐம்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.