மேலிடத்துப் பதில்

"ஏங்க, மேலிடத்துலேர்ந்து பதில் வந்துடுச்சு!"

தபால் உறையோடு மனைவி வாசலுக்கே ஓடிவந்தாள். அலுவலகத்திலிருந்து வந்தவர் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

பூமி சூடாகிறது என்று வீட்டு ஏ.சி.யையே கழற்றிப் போட்டவள் அவள். சாலையை அகலப்படுத்த நாற்பது மரங்களை வெட்டப்போகிறார்கள் என்றதும் வெயிலில் வீடுவீடாக ஏறி இறங்கி, நானூறு கையெழுத்து வாங்கி, அமைச்சருக்கே மனு அனுப்பினாள். மனைவிக்குப் பயந்தோ, மரங்களுக்கு இரங்கியோ, முதல் கையெழுத்தை அவர்தான் போட்டார். அதனால் பதிலும் அவர் பெயருக்கே வந்திருந்தது.

"அஞ்சு மாசமானாலும் நம்மளையும் மதிச்சுப் பதில் போட்டிருக்காங்க. பிரிங்க!"

"அப்புறம் பாக்கலாம்மா."

"வெட்டினது வெட்டிட்டாங்க. திரும்ப நடச் சொல்லியிருந்தாலும் போதும்."

அவர் உறையைத் தொடவே இல்லை. பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்: "மனுவில் குறிப்பிட்ட இடத்தில் தற்போது மரங்கள் ஏதும் இல்லை. எனவே நடவடிக்கை தேவையில்லை."

"பிரிக்காமலே எப்படித் தெரியும்?"

"யார்மேல புகாரோ அவங்ககிட்டயே பதில் கேக்கறதுதானே வழக்கம்? உன் மனு சுத்திச் சுத்தி எங்க சாலைப் பிரிவுக்கே வந்துச்சு."

அப்போதுதான் அவள் உறையின் மேலிருந்த முகவரியை உற்றுப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக மளிகைச் சீட்டில் பார்த்துப் பழகிய அதே எழுத்து.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மரம் ஒண்ணுகூட இல்லையேம்மா. நான் வேற என்னத்த எழுதுவேன்?"