பேர் வெட்டிய பாத்திரம்

“சரக்கே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்போ உள்ள குவிஞ்சு கெடக்குதே, அது என்ன அண்ணாச்சி?”

வரி அலுவலகத்திலிருந்து வந்திருந்த இசக்கிச்செல்வி இப்படிக் கேட்டதும் தங்கப்பாண்டி உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

விளாத்திகுளத்தில் அவர் நடத்திவந்த எவர்சில்வர் பாத்திரக் கடையை மூடுகிறார். மூடினால் மட்டும் போதுமா? மிச்சமிருக்கும் சரக்குக்கு, வாங்கும்போது கட்டி, பிறகு கணக்கில் கழித்துக்கொண்ட வரியைத் திருப்பிக் கட்ட வேண்டுமாம். யார் கட்டுவது! அந்தப் பாத்திரங்களைக் கோவில்பட்டியில் சத்தமில்லாமல் விற்றால்தான் வீட்டின் மேல் வாங்கிய கடன் அடையும். இல்லாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போய்விடும்.

“அது... அது விக்கிறதுக்கு இல்லை மேடம்” என்று இழுத்தார்.

“பாத்திரத்துல பேரைப் பாருங்க மேடம்!” என்று முன்னால் பாய்ந்தார் சோலைராஜ். தங்கப்பாண்டியின் தங்கை பேச்சித்தாயைக் கட்டியவர். பேர் வெட்டினால் சரக்குக் கணக்கில் வராது என்ற யோசனையே அவருடையதுதான். பேர் வெட்டும் மெஷினோடு உட்கார்ந்து, ஒரு கரண்டியைக்கூட விடாமல் வெட்டித் தள்ளியவரும் அவரே. சொந்தம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று தங்கப்பாண்டி உருகிப்போயிருந்தார்.

இசக்கிச்செல்வி ஒரு குடத்தைத் திருப்பிப் பார்த்தார். ‘சோ. வள்ளிமயில்.’ அண்டாவில் வள்ளிமயில். தூக்குவாளியிலும் வள்ளிமயில்.

“யாரு இந்த வள்ளிமயில்?”

“எம் மக. மில்லுல கணக்கு எழுதுதா. மச்சான் தாய்மாமன் சீரா எடுத்து வச்சிருக்காவ” என்றார் சோலைராஜ்.

“ஒரு பொண்ணுக்கு இத்தனை இட்லிக் கொப்பரையா?”

“மச்சானுக்குப் பிள்ளை இல்லை மேடம். ரெண்டு வீட்டுக்கும் அவ ஒருத்திதான்.”

“கல்யாணம் எப்போ?”

தங்கப்பாண்டி சோலைராஜைப் பார்த்தார். கல்யாணப் பேச்சே இன்னும் எடுக்கவில்லையே!

“தையில முடிச்சிருவோம் மேடம்” என்று சோலைராஜ் சட்டென்று சமாளித்தார். என்ன சாமர்த்தியம்!

இசக்கிச்செல்வி விடுவதாக இல்லை. “அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. சரக்குன்னா சரக்குன்னு சொல்லிருங்க. பொய்யின்னு தெரிஞ்சா அபராதமும் சேரும்.”

தங்கப்பாண்டிக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சோலைராஜ் முழங்கையால் இடித்தார். “வாயைத் தொறந்து சொல்லுங்க மச்சான்!”

“சீர்தான் மேடம். எல்லாமே எந் தங்கச்சி மகளுக்குத்தான். சத்தியமா.”

“அப்போ இதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்தைச் சோலைராஜ் கேட்காமலே போட்டார். போட்டதோடு, அந்தத் தாளைச் செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

இசக்கிச்செல்வி தாளைப் படித்துவிட்டுப் பையில் வைத்தார். “நல்ல மாமன்தான். ஆனா கடைக்கு வாங்கின சரக்கைச் சும்மா குடுத்தாலும் கழிச்சுக்கிட்ட வரியைத் திருப்பிக் கட்டித்தான் ஆகணும். கட்டிட்டு வாங்க, முடிச்சிரலாம்.”

அவர் வண்டி கிளம்பியதும் தங்கப்பாண்டி தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“போச்சே மாப்ள! இவ்வளவு பொய்யும் சொல்லி வரியும் கட்டணுமாம். சரி, கட்டித் தொலைக்கேன். பேரை எல்லாம் பாலிஷ் போட்டு அழிச்சிருவோம். இதை வித்தாலாவது வீடு தப்பும். கோவில்பட்டிக்கு ஒரு வண்டி சொல்லு.”

“வண்டி வாசல்லதான் நிக்குது மச்சான். ஆனா எங்க வீட்டுக்கு” என்றபடி சோலைராஜ் அண்டாவைத் தூக்கித் தோளில் வைத்தார்.

“என்ன மாப்ள சொல்லுதே?”

“வள்ளிமயிலுக்குப் போன வாரமே பேசி முடிச்சாச்சு. தாய்மாமன் என்ன செய்வாருன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரவ கேட்டாவ. அதுக்கப்புறந்தான மச்சான், நான் பேர் வெட்டுத மெஷினையே கையில எடுத்தேன்!”