மூன்று முறை ஒலித்த ஹாரன்

செவித்திறன் ஆய்வகத்தில் அவளுக்குக் கறார் அக்கா என்று பெயர். ஒலி கேட்டால் பொத்தானை அழுத்துமாறு கூறிவிட்டு, நடுவே ஒலியை அணைத்து, அப்போதும் அழுத்தும் பொய்யர்களைப் பிடிப்பது அவள் வழக்கம்.

இரைச்சலால் கெட்ட செவிக்கு ஆய்வகம் சோதித்துவந்த புது மாத்திரையை, அவள் கொடுக்கத் தினம் ஒன்றாக உட்கொண்டுவந்த ஆலை மேலாளர் அன்று சோதனைக்கு வந்தார். முன்பு அந்த ஆலையில் வேலை செய்தபோது காதடைப்பான் கேட்ட அவள் கணவனிடம், "காது போனா பொண்டாட்டி திட்டு கேக்காதேப்பா, உனக்கு நல்லதுதானே" என்று சிரித்தவர் அவரே. செவிடான கணவன், பின்னால் வந்த லாரி மும்முறை ஹாரன் ஒலித்தும் விலகாமல் மாண்டான்.

அவள் ஒலியை அணைத்தாள். அவர் மும்முறை பொத்தானை அழுத்தினார்.

"என்னங்க கேக்குது?"

"லாரி ஹாரன்மா. மாத்திரை போட்டதுலேருந்து முதுகுக்குப் பின்னாடியே அடிக்குது. திரும்பினா ஒண்ணுமில்ல. நிறுத்திடலாமா?"

இல்லாத ஒலி கேட்டால் மருந்தை நிறுத்துவதே விதி.

"வேணாங்க, காது திறக்குது" என்றாள். மறுநாள் முதல் இரண்டு மாத்திரைகள் கொடுப்பதென்று தீர்மானித்தாள்.