ஓரத்தில் ஒரு தொட்டில்

கணினியில் செய்திப் பக்கத்தின் ஓரத்தில் தொட்டில் விளம்பரம் வந்தது.

அவன் மூடினான். வானிலைப் பக்கத்தைத் திறந்தான். அங்கேயும் அதுதான். தேக்கு மரம். தலைமாட்டில் இரண்டு யானைகள்.

பிரதோஷ நேரம் பார்க்கக் கோயில் பக்கத்துக்குப் போனான். கோபுரத்துக்குப் பக்கத்திலும் வந்து நின்றது. தள்ளுபடி விலையில்.

மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த பிறகு இன்றுதான் வேலையைத் தொடங்குகிறாள். வீட்டிலிருந்தே வேலை. இந்த நாற்காலியில், இந்தத் திரைக்கு முன்னால்தான் உட்கார வேண்டும்.

அதற்குள் இது போக வேண்டும்.

தொட்டிலை அவன்தான் தேடினான். ஐந்தாம் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாங்கவில்லை. பார்த்தான், அவ்வளவுதான்.

அவர்கள் வீட்டில் பிள்ளை பிறக்கும் முன் ஒரு துணிகூட வாங்க மாட்டார்கள். தூளி கட்டுகிற பழைய புடவையைக்கூடப் பிறந்த பிறகுதான் பெட்டியிலிருந்து எடுப்பார்கள்.

பிள்ளை வேண்டுமென்று கோயில் மரத்தில் சின்னத் தொட்டில் கட்டலாம். போன வருடம் இருவரும் போய்க் கட்டினார்கள்.

கடையில் பார்ப்பதுதான் குற்றம்.

அடுப்படியில் அம்மா வெங்காயம் அரிந்துகொண்டே பெரியம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"டாக்டருக்கு என்னக்கா தெரியும்? எல்லாம் நல்லாத்தான இருந்துச்சு. இவதான் ஆசப்பட்டு முன்கூட்டியே எதையோ வாங்கி ஒளிச்சு வச்சிருக்கா. இல்லைன்னா ஏழாம் மாசத்துல ஏன் இப்படி ஆகணும்?"

நேற்றும் இதையே சொன்னாள். அதற்கு முந்தின நாளும்.

நான்தான் பார்த்தேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அவன் சொல்லவில்லை.

அந்தப் பேச்சு அவள் காதிலும் விழுந்திருக்கும். சின்ன வீடு.

அமைப்புகளைத் திறந்தான்.

குக்கீகள், பார்த்ததையெல்லாம் நினைவில் வைத்திருப்பவை. தற்காலிகக் கோப்புகள். இரண்டிலும் குறியிட்டான்.

அழித்தால் திரும்பக் கிடைக்காது, சம்மதமா என்று கேட்டது.

ஆஸ்பத்திரியிலும் அவனிடம்தான் சம்மதம் கேட்டார்கள்.

அழுத்தினான்.

ஒரு வட்டம் சுற்றியது. நின்றது.

கோயில் பக்கத்தை மறுபடி திறந்தான். கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மிக்ஸி.

ஈரத் தலையில் துண்டோடு அவள் வந்தாள். அவன் எழுந்து இடம் கொடுத்தான்.

அவள் வேலையைத் திறக்கவில்லை. ஒரு கடையின் பக்கத்தைத் திறந்தாள். பொருள்களை எடுத்து வைக்கும் கூடையை அழுத்தினாள்.

காலியாக இருந்தது.

"எல்லாத்தையும் அழிச்சிட்டீங்களா?"

"ரொம்ப மெதுவா ஓடிச்சு. அதான்."

அவள் தலையாட்டினாள். காலிக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒரு தொட்டில் எடுத்து வச்சிருந்தேன். வாங்கலைங்க. சும்மா, அப்பப்போ பாத்துக்கறதுக்கு."

குரல் இறங்கியது.

"அத்தை சொல்றது சரிதான்."

அடுப்படியில் கத்தி பலகையில் தட்டிக்கொண்டிருந்தது.

அவன் அந்தப் பக்கம் திரும்பினான்.

"தொட்டில் பாத்தது நான்," என்றான். அடுப்படிக்கும் கேட்கிற குரலில். "மொதல்ல பாத்தது நான்தான். யானை போட்டது."

அவள் சட்டென்று அவன் கையைப் பிடித்தாள்.

"மெதுவாங்க. அத்தைக்குக் கேட்டுட்டா உங்களையும் சொல்லுவாங்க."

கத்தியின் சத்தம் நின்றிருந்தது. அம்மாவின் பேச்சும்.

பெரியம்மாவின் குரல் மட்டும், இருக்கியா, இருக்கியா என்று போனுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.